கடற்கரை என்று எழுதினால் கடற்கரை ஆகிவிடுமா?

போன டிசம்பரில் சான் ஹோசேயிலிருந்து வந்த மச்சான் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்தான். இரண்டும் பினோ நுவார் என்ற சிவப்பு ரகம். இரண்டும் கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, 20 டாலர் சொச்சம். லேபிளில் கொட்டை எழுத்தில் ‘சொனோமா கோஸ்ட்’, அதாவது சொனோமா கடற்கரை. இன்னொன்று ஹிர்ஷ் வைன்யார்ட்ஸ் என்ற சிறு பண்ணையின் ஒயின். அதன் பெயர் ‘சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்’. விலை முதலாவதைப்போல மூன்று மடங்கு.

“ரெண்டும் ஒரே கடற்கரைதானே மாமா, எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டான்.

ஒரே கடற்கரை இல்லை என்பதுதான் பதில். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. கடல் நீரோட்டம், மூடுபனி, நிலநடுக்கக் கோடு, அமெரிக்க லேபிள் சட்டம் எல்லாம் இதில் வந்து சேர்கின்றன. முதல் பாட்டிலின் திராட்சை விளைந்த இடத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரில் ஒரு மணி நேரமாவது போக வேண்டியிருக்கலாம். இரண்டாவது பாட்டிலின் திராட்சை பசிபிக்கிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில், ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்து மலைமுகட்டில் விளைந்தது.

முதலில் கடல். நம் பக்கத்துக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு வட கலிஃபோர்னியக் கடல் ஒரு அதிர்ச்சி. ஜூலை மாதத்திலும் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரமான தண்ணீர் மாதிரி. இத்தனைக்கும் அட்சரேகைப்படி அந்த இடம் ஏதென்ஸ் நகரத்தைவிடக் கொஞ்சம்தான் வடக்கே இருக்கிறது. பினோ நுவாரின் பிறந்த வீடான பிரான்ஸின் பர்கண்டியோ 47 டிகிரி வடக்கில் இருக்கிறது. வெயில் கணக்கு மட்டும் பார்த்தால் சொனோமாவில் பினோ நுவார் வளர்ப்பது அசட்டுத்தனம்.

அந்தக் கணக்கை மாற்றுவது கடல்தான். வடக்கிலிருந்து தெற்காகக் கரையோரம் ஓடும் கலிஃபோர்னியா நீரோட்டம் ஏற்கனவே குளிர்ந்தது. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து காற்று விடாமல் வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்மட்டத் தண்ணீர் கரையோரமாக நேரே போகாமல் நடுக்கடல் பக்கம் விலகிப் போகும். விலகிய இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து இன்னும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். ஆகவே கோடையில் கரையோரத் தண்ணீர் சூடாவதற்குப் பதில் குளிர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஈரக்காற்று வந்து படியும்போது மூடுபனி உண்டாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏறி, அங்குள்ள காற்று லேசாகி மேலே எழும்ப, அந்தக் காலியிடத்துக்கு இந்தப் பனியை இழுக்கிறது. மாலையில் பனி நிலத்துக்குள் நுழைந்து, மறுநாள் முற்பகலில் விலகும். கோடை முழுக்க இதே கதை.

சரி, கடலுக்குப் பக்கத்தில் போகப் போகக் குளிர் கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சொனோமாவின் மேற்குக் கோடியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூடுபனி தரையோடு படுத்துக் கிடக்கும் ஒரு போர்வை. அதன் கனம் பெரும்பாலும் சில நூறு அடிகள்தான். அதற்கு மேல் வெப்பக்காற்று ஒரு மூடி போல உட்கார்ந்திருக்கும். கடலோர மலைகளில் 900 அடிக்கு மேலே ஏறிவிட்டால் பனி காலுக்குக் கீழே வெள்ளைக் கடலாகக் கிடக்கும், தலைக்கு மேலே பளீரென்று வெயில். கீழே பள்ளத்தில் பழம் பழுக்கவே பழுக்காது. மேலே முகட்டில் பழுக்கும். பொதுவாக மலை ஏற ஏறக் குளிரும். இங்கே கோடைப் பகலில் ஏற ஏறக் கதகதப்பு கூடுகிறது. ஆனால் அந்த வெயிலோடு கடல்காற்றும் சேர்ந்தே இருக்கிறது. மத்தியான உச்ச வெப்பம் உள்நாட்டு அளவுக்குப் போகாது. கொடிக்கு வெளிச்சம் நிறைய, சூடு அளவாக. இந்த இரண்டும் பிரிந்து கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அதனால் பழத்துக்கு என்ன லாபம்? திராட்சைக்குள் கோடையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சர்க்கரையின் கடிகாரம். வெயிலும் சூடும் ஏற ஏற அது வேகமாக ஓடும். இன்னொன்று தோல், விதை, வாசனைப் பொருள்களின் கடிகாரம். தோலின் துவர்ப்பு மென்மையாவதும், பச்சை வாடை போய்ப் பழவாசம் வருவதும் இதன் பொறுப்பு. இதை அவசரப்படுத்த முடியாது. வெப்பமான ஊரில் முதல் கடிகாரம் முந்திவிடும். வாசம் வருவதற்குள் சர்க்கரை ஏறிவிடும், வாசத்துக்காகக் காத்திருந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். ஏறிய சர்க்கரையெல்லாம் நொதிக்கும்போது ஆல்கஹால் ஆகும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கூடினால் ஒயினில் ஆல்கஹால் ஒரு சதவீதம் கூடும். அப்படித்தான் 15 சதவீத ஒயின்கள் பிறக்கின்றன.

புளிப்பும் இதே கதைதான். பச்சை ஆப்பிளைக் கடித்தால் கூசுமே, அந்தப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் திராட்சையிலும் உண்டு. பழம் மூச்சுவிடும்போது அந்த அமிலத்தைத்தான் எரிபொருளாகச் செலவழிக்கிறது. சூடு அதிகமானால் மூச்சும் அதிகம், செலவும் அதிகம். இரவு குளிர்ந்தால் செலவு வெகுவாகக் குறைந்துவிடும். கடலோரத் திராட்சை செப்டம்பர் கடைசியில் அறுக்கப்படும்போதும் புளிப்பைக் கையில் வைத்திருப்பதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். ஒயினில் புளிப்பு என்றால் கெட்டுப்போனது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரசத்தில் புளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

இதில் பினோ நுவார் இன்னும் தொட்டாற்சிணுங்கி. தோல் மெல்லியது. நிறம் தரும் பொருளும் மற்றச் சிவப்பு ரகங்களைவிடக் குறைவு. நல்ல பினோ நுவாரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் பின்னால் இருக்கும் செய்தித்தாளைப் படிக்கலாம். மறைத்துக்கொள்ள அதனிடம் ஒன்றும் இல்லை. எங்கே விளைந்தது, அந்த வருஷம் என்ன நடந்தது என்பதெல்லாம் அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

1978-ல் டேவிட் ஹிர்ஷ் இந்த மலைக்கு வந்தபோது இதையெல்லாம் யோசித்து வரவில்லை. துணிமணி வியாபாரத்தில் இருந்தவர். ஊர் சந்தடியிலிருந்து விலகி இருக்க ஒரு நிலம் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது ஆயிரம் ஏக்கர் அளவுக்கு ஒரு பழைய ஆட்டுப் பண்ணை. காட்டு மரங்களை வெட்டி விற்று, மிச்சத்தில் ஆடு மேய்த்து, மண் அரித்துப் போயிருந்த இடம். பக்கத்தில் பெரிய ஊர் எதுவும் இல்லை. வளைந்து வளைந்து போகும் ஒற்றை மலைச்சாலை. திராட்சைத் தொழிலில் அனுபவமுள்ள ஒரு நண்பர் வந்து பார்த்துவிட்டு, இது பினோ நுவாருக்கான இடம் என்று சொல்ல, 1980-ல் முதல் கொடிகளை நட்டார்.

அவருக்கு முன்பே அங்கே ஆள் இருந்தார்கள். போஹன் குடும்பம் 1970-களின் தொடக்கத்திலேயே அந்த முகடுகளில் கொடி வைத்திருந்தது. அதற்கும் நூற்றைம்பது வருஷம் முன்னால் ரஷ்யர்கள்! இது பலருக்குத் தெரியாத கதை. 1812-ல் ரஷ்ய-அமெரிக்க கம்பெனி, கஷாயா போமோ பழங்குடியினர் வாழ்ந்த அந்தக் கரையில் ஒரு மரக்கோட்டை கட்டியது. அலாஸ்காவில் இருந்த தங்கள் ஆட்களுக்குத் தானியம் விளைவிக்கவும், கடல் நீர்நாய் வேட்டைக்கும் அந்த இடம். 1817-ல் பெருவிலிருந்து கப்பலில் வந்த திராட்சைக் கன்றுகளை அங்கே நட்டார்கள். சொனோமாவின் முதல் திராட்சைக்கொடிகள் அவைதான். 1841-ல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ரஷ்யர்கள் கிளம்பிவிட்டார்கள். கோட்டை இருந்த இடத்துக்கு இன்றும் ஃபோர்ட் ராஸ் என்றே பெயர். ராஸ் என்பது ரஷ்யா என்ற சொல்லின் தேய்ந்த வடிவம்.

ஹிர்ஷ் ஆரம்பத்தில் ஒயின் தயாரிக்கவில்லை. பழத்தை விற்றார். வாங்கியவர்கள் மற்ற ஊர்ப் பழத்தோடு கலந்தார்கள், பெயர் எங்கும் வரவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே போனது. 1990-களின் நடுவில்தான் திருப்பம். வில்லியம்ஸ் செலியெம், கிஸ்லர், லிட்டொராய் ஆகிய மூன்று பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் இந்தத் தோட்டத்தின் பழத்தை வாங்கி, தனியாகப் பாட்டிலில் அடைத்து, லேபிளில் ‘ஹிர்ஷ் தோட்டம்’ என்று போட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் 95 சதவீதப் பழம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பெயருக்கு ஒரு உத்தரவாதம் இருந்தது. மூன்று வேறு கைகளில் செய்த ஒயின்களில் ஒரே சாயல் தெரிந்தபோது, குடித்தவர்கள் கையை விட்டுவிட்டு நிலத்தைத் தேட ஆரம்பித்தார்கள். விவசாயி பெயர் வாங்குவது ஒயின் உலகத்தில் அவ்வளவு சுலபமில்லை. இங்கே அது நடந்தது. 2002-ல் ஹிர்ஷ் குடும்பம் தோட்டத்திலேயே ஆலை கட்டி, தன் பழத்தில் தானே ஒயின் செய்யத் தொடங்கியது. இப்போது பண்ணையை நடத்துபவரும் ஒயின் செய்பவரும் டேவிட் ஹிர்ஷின் மகள் ஜாஸ்மின் ஹிர்ஷ்.

இனி ‘சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்’ என்ற பெயருக்கு வருவோம். ஃபால்ட் என்றால் பிளவு. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு என்பது பூமியின் மேலோட்டுத் துண்டுகளான வட அமெரிக்கத் தட்டும் பசிபிக் தட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் கோடு. ஃபோர்ட் ராஸ் பக்கத்தில் அது கடலிலிருந்து நிலத்துக்கு ஏறி, ஹிர்ஷ் தோட்டத்துக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அந்தப் பகுதியில் அது நாள்தோறும் நகர்வதில்லை. அடக்கி வைத்து, ஒரே அடியாக நகரும். 1906 ஏப்ரல் 18 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தின்போது, ஃபோர்ட் ராஸ் பக்கம் நிலம் ஏறக்குறைய 12 அடி பக்கவாட்டில் விலகியது. நேராக நின்ற வேலி நடுவில் வெட்டுப்பட்டு, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமுமாக நின்றது. ரஷ்யர்கள் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் சரிந்தன.

பிளவுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? விளம்பரத்துக்கு வைத்த பெயர் என்றுதான் முதலில் எனக்கும் சந்தேகம். ஆனால் விஷயம் இருக்கிறது. இந்த மலைகள் ஒரு காலத்தில் கடலடித் தளம். தட்டுகள் மோதியபோது சுரண்டி எடுக்கப்பட்டு, நசுங்கி, கலந்து, கரையோடு ஒட்டப்பட்டவை. புவியியலாளர்கள் இதைக் கலவைப் பாறை என்கிறார்கள். மணற்கல், களிக்கல், கடலடி எரிமலைப் பாறை எல்லாம் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி கிடக்கும். ஒரு சரிவில் தண்ணீர் நிற்காத மணல், நூறடி தள்ளினால் ஒட்டிக்கொள்ளும் களிமண். சமவெளியில் பத்து ஏக்கருக்கு ஒரே மண் இருக்கும், ஒரே நாளில் அறுக்கலாம். இங்கே அது நடக்காது. 70 ஏக்கர் சொச்சம் கொடிகளை அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மண் வேறு, சரிவு வேறு, காற்று படும் பக்கம் வேறு.

இதன் விளைவை ஆலைக்குள் போனால்தான் புரிந்துகொள்ள முடியும். பெரிய ஆலையில் ஒரு தொட்டி இரண்டு மாடி உயரம் இருக்கும். லாரி லாரியாகப் பழம் போகும். இப்படிப்பட்ட பண்ணையில் தொட்டிகள் சின்னவை. இரண்டு மூன்று டன் பழம் கொள்ளும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனித் தொட்டி. விடிவதற்கு முன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு அறுத்த குலைகள், குளிர்ச்சி போகும்முன் உள்ளே வந்துவிடும். நொதிக்கத் தொடங்கியதும் தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியான ஏடு மாதிரி நிற்கும். அதை நாளுக்கு ஓரிரு தடவை கையாலோ காலாலோ கீழே அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே காய்ந்து புளித்த வினிகர் வாடை வரும்; அளவுக்கு மீறி அமுக்கினால் துவர்ப்பு இறங்கும். அப்புறம் பர்கண்டி வழக்கப்படி 228 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு துண்டின் ஒயினையும் தனித்தனியே ருசித்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலான துண்டுகள் சேர்ந்த கூட்டுத்தான் ‘சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்’. கிழக்கு முகடு, மேற்கு முகடு என்று தனியாக வரும் பாட்டில்கள் எண்ணிக்கையில் இன்னும் குறைவு. நிலம் சிதறிக் கிடப்பதால் வேலை பெருகுகிறது, வேலை பெருகுவதால் விலை ஏறுகிறது. விளம்பரக்காரர்கள் சொல்லும் ‘கைவினை’ என்ற அழகான வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்தத் தலைவலிதான்.

விலைக்கு அது மட்டும் காரணமில்லை. விளைச்சலைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஏக்கருக்கு 10 டன் திராட்சை சாதாரணம். இந்தக் கடலோர முகடுகளில் ஒன்றரை டன் வந்தால் நல்ல வருஷம் என்பார்கள். ஒரு டன் பழத்தில் ஏறக்குறைய 720 பாட்டில். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு ஆயிரம் பாட்டில் சொச்சம், கொடிக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். உழவும் கவாத்தும் களையெடுப்பும் இரண்டு இடத்திலும் உண்டு. சரிவான மலை என்பதால் இங்கே கூலி கூடுதல். ஒரு புது பிரெஞ்சு பீப்பாயின் விலையே ஆயிரம் டாலருக்குக் குறையாது.

ஏன் இவ்வளவு குறைவு? குளிர்தான். திராட்சை பூக்கும் மே, ஜூன் மாதங்களில் கடல்காற்று பலமாக அடித்தாலோ குளிர் தூறல் போட்டாலோ பூ சரியாகச் சூல் கொள்ளாது. பாதி உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் குலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரே குலையில் கோலிக்குண்டு அளவுக்குச் சில, மிளகு அளவுக்குச் சில. விவசாயிக்கு வயிற்றெரிச்சல், ஒயின் செய்பவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சின்ன மணியில் சாற்றைவிடத் தோல் அதிகம், வாசமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. 2015-ல் சொனோமா கடலோரம் முழுக்க இதுதான் நடந்தது. பூக்கும் சமயத்துக் குளிரில் விளைச்சல் படுத்துவிட்டது. வந்த கொஞ்சம் அடர்த்தியாக வந்தது.

மழையும் சும்மா விடாது. பக்கத்து ஊரான கசடேரோ கலிஃபோர்னியாவிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். சான் பிரான்சிஸ்கோவில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நல்லவேளையாகப் பெரும்பகுதி குளிர்காலத்தில், கொடி இலை உதிர்த்துத் தூங்கும்போது பெய்கிறது. சில வருஷம் அது அக்டோபரிலேயே முந்திக்கொண்டு வந்துவிடும். 2011-ல் அப்படி வந்தது. குளிர்ந்த கோடையால் பழம் தாமதமாகிக் கொண்டிருக்கும்போதே மழை. மெல்லிய தோல் பினோ நுவாருக்கு ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். முந்தி அறுத்தால் பச்சை, பிந்தினால் அழுகல். இரண்டுக்கும் நடுவில் இரண்டே நாள் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இப்போது வந்திருக்கிறது. 2017 செப்டம்பர் முதல் தேதி சான் பிரான்சிஸ்கோவில் 41 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நகரத்து வரலாற்றிலேயே அதிகம். கடல்காற்று நின்று, உள்நாட்டுச் சூடு கடலை நோக்கித் திரும்பிய நாட்கள் அவை. போர்வைக்கு மேலே இருக்கும் முகடுகளுக்கு அப்போது பனியின் பாதுகாப்பும் கிடையாது. 2020 ஆகஸ்டில் மின்னல் தாக்கி இந்த மலைகளிலேயே காடு எரிந்தது. புகையில் உள்ள சில சேர்மங்கள் பழத்தோலுக்குள் ஊடுருவி, அங்கே சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது முகர்ந்தால் தெரியாது. நொதிக்கும்போதும், அதற்குப் பின் குடிப்பவர் வாயிலும் பிரிந்து, அணைந்த அடுப்புச் சாம்பல் நாற்றம் தரும். வெள்ளை ஒயினில் தோலைப் பிழிந்து எறிந்துவிடுகிறார்கள், பாதி தப்பிக்கலாம். சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைத்தே ஆகவேண்டும். அந்த வருஷம் கடலோரப் பண்ணைகள் பல சிவப்பு ஒயினே போடவில்லை. ஒரு வருஷ வருமானம் அப்படியே போச்சு.

இவ்வளவு சிரமப்பட்டுச் செய்த ஒயினுக்கு ஒரு காலத்தில் மரியாதையும் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை. 1990-களிலும் 2000-களிலும் அமெரிக்காவில் கனமான, இனிப்புச் சாயல் தட்டும், ஆல்கஹால் தூக்கலான சிவப்பு ஒயினுக்குத்தான் மார்க்கெட். விமர்சகர்கள் கொடுக்கும் நூற்றுக்கு இத்தனை மார்க் விலையைத் தீர்மானித்தது. பினோ நுவாரையும் அப்படியே ஊதிப் பெருக்கினார்கள். 2011-ல் ஜாஸ்மின் ஹிர்ஷும், கொல்கத்தாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் ஒயின் பரிமாறும் தொழிலில் பெயர்பெற்ற ரஜத் பரும் சேர்ந்து ‘இன் பர்ஸ்யூட் ஆஃப் பேலன்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சமநிலையைத் தேடி என்று அர்த்தம். கலிஃபோர்னியாவின் பினோ நுவார், ஷார்டனே என்ற வெள்ளை ரகம் ஆகியவற்றின் தயாரிப்பாளர்களில் மிதமாகச் செய்பவர்களை ஒன்றாகக் கூட்டி, ஊர் ஊராகப் போய் ருசிக்கக் கொடுத்தார்கள். பெரிய சண்டை வெடித்தது. பிரபல விமர்சகர் ராபர்ட் பார்க்கர் இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். ‘சமநிலை’ என்று பெயர் வைத்தால் மற்றவர்களெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று அர்த்தமா என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 2016-ல் அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பேச்சு மாறிவிட்டிருந்தது. 13 சதவீதத்தை ஒட்டிய பினோ நுவாருக்கு இன்று யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பேச்சு மாறியதும் எல்லாருக்கும் கடற்கரை வேண்டியிருந்தது. இங்கேதான் மச்சானின் முதல் பாட்டில் வருகிறது. அமெரிக்காவில் ஒயின் வட்டாரங்களின் எல்லையை மத்திய அரசு வரைகிறது. ஒரு வட்டாரத்தின் பெயரை லேபிளில் போட 85 சதவீதப் பழம் அங்கிருந்து வந்தால் போதும். ‘சொனோமா கோஸ்ட்’ வட்டாரம் 1987-ல் வரையப்பட்டது. பரப்பு சுமார் 4,80,000 ஏக்கர். பசிபிக் பாறைகளில் தொடங்கி, மலையைத் தாண்டி, தெற்கே சான் பாப்லோ குடா வரை நீளும் விசித்திரமான வடிவம். ஏன் இப்படி? பண்ணையில் விளைந்து பண்ணையிலேயே அடைக்கப்பட்டது என்று லேபிளில் போட வேண்டுமென்றால், ஆலையும் தோட்டமும் ஒரே வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சிதறிக் கிடந்த தன் தோட்டங்களையெல்லாம் ஒரே கோட்டுக்குள் கொண்டுவர ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது; கோடு அதற்கேற்ப வளைந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட இடங்களெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. மலை இடைவெளி வழியே கடல்காற்று அடிக்கும் பெட்டலூமா பக்கம் நல்ல பழம் விளைகிறது. ஆனால் ‘கோஸ்ட்’ என்ற சொல் எதையும் சொல்லாத சொல்லாகிவிட்டது.

கடலோர மலைக்காரர்கள் இதைத் திருத்தப் பல வருஷம் போராடினார்கள். 2012 தொடக்கத்தில் ‘ஃபோர்ட் ராஸ்-சீவ்யூ’ என்ற தனி வட்டாரம் நடைமுறைக்கு வந்தது. சுமார் 27,500 ஏக்கர். அதில் அப்போது கொடி இருந்தது 500 ஏக்கர் அளவுதான். 920 அடிக்கு மேலே, பனிப் போர்வைக்கு வெளியே இருக்கும் முகடுகள்தான் அதன் அடையாளம். பெயரில் கோஸ்ட்டே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கும் பத்து வருஷம் கழித்து, 2022-ல், ‘வெஸ்ட் சொனோமா கோஸ்ட்’ வந்தது. பழைய வட்டாரத்தின் மேற்குப் பகுதியிலிருந்து 1,41,000 ஏக்கர் சொச்சத்தைப் பிரித்துக் காட்டும் கோடு. ஆக, ஒரு கடற்கரை உண்மையான கடற்கரைதான் என்று சொல்ல இப்போது முன்னால் ‘மேற்கு’ என்று ஒட்ட வேண்டியிருக்கிறது. கடையில் பாட்டிலைப் புரட்டிப் பார்க்கும்போது இந்த இரண்டு பெயர்களில் ஒன்றோ, தோட்டத்தின் பெயரோ இருந்தால் நம்பலாம். வெறும் ‘சொனோமா கோஸ்ட்’ என்றிருந்தால் தயாரிப்பாளர் யார் என்று பார்க்க வேண்டும். பழைய பழக்கத்தில் அந்தப் பெயரையே வைத்திருக்கும் நல்ல கடலோரப் பண்ணைகளும் உண்டு.

இரண்டு பாட்டிலையும் ஒரே ராத்திரியில் திறந்தோம். புத்தகங்களில் சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வார்கள். அது வீடு முழுக்கச் சூடாக்கும் வசதி வராத காலத்துப் பிரான்ஸின் குளிர்ந்த அறை. சென்னை அறையில் 30 டிகிரியில் பினோ நுவாரை ஊற்றினால் இருமல் மருந்து வாடைதான் வரும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தோம். சூப்பர் மார்க்கெட் பாட்டில் உடனே பிடித்தது. செர்ரி ஜாம் மாதிரி உருண்டையான ருசி, வனிலா வாசம், நாக்கில் ஒரு சூடு. ஹிர்ஷ் முதலில் வாயே திறக்கவில்லை. புளிப்பும், ஈரமண் வாடையும், எங்கோ தேயிலைத் துவர்ப்பும். “இதுக்கா அறுபது டாலர் குடுத்தேன்” என்று மச்சான் முகம் சுளித்தான்.

மிச்சத்தைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் ராத்திரி மீன் குழம்பு முடிந்து, வெறும் பொரித்த வஞ்சிரம் மட்டும் தட்டில் இருந்தபோது மறுபடி எடுத்தேன். முதல் பாட்டில் தொய்ந்து, சர்பத் மாதிரி ஆகியிருந்தது. இரண்டாவதிலிருந்து காட்டுப்பழமும், மழை பெய்த பின் எழும் தழை வாசமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. மச்சான் பேசாமல் கிளாஸை நீட்டினான். அவனுக்கு அரை கிளாஸ்தான் கிடைத்தது.